அரியலூரைத் தாண்டியும் ஓட வேண்டியிருக்கிறது

நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு விழிப்புணர்வு ஓட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. சாலைப் பாதுகாப்பு, போதை ஒழிப்பு, உடலுறுப்புத் தானம், புற்றுநோய் என்று நோக்கம் மாறும். சுவரொட்டியில் ‘மாரத்தான்’ என்ற சொல் மட்டும் மாறாது. ஓட வேண்டிய தொலைவு பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டராக இருக்கும். கொடி அசைந்த மறுகணமே மாணவர்கள் நூறு மீட்டர் பந்தயத்துக்குப் புறப்பட்டவர்களைப் போலப் பாய்வார்கள். ஒரு கிலோமீட்டர் முடிவதற்குள் அவர்களில் பலர் இடுப்பில் கைவைத்துச் சாலையோரம் நின்றுவிடுவார்கள். மேடையில் இருப்பவர்கள் கைதட்டுவதோ முதலில் பாய்ந்தவர்களுக்கே.

பள்ளி மாணவன் ஒருவன் இப்படி ஓடினால் சற்று நேரம் மூச்சு வாங்குவதோடு போய்விடும். நாற்பது வயதைக் கடந்து, இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை உட்கொள்ளும் ஒருவர், அதே கைதட்டலை நம்பி அதே வேகத்தில் கிளம்பினால் அது வேறு கதை. முதன்முறையாக மாரத்தான் ஓட விரும்புபவர் கற்க வேண்டிய முதற்பாடம், தொடக்கத்தில் தம்மை அடக்கிக்கொள்வதே என்பது என் கருத்து. நோயிலிருந்து மீண்டு மறுபடியும் நடக்கத் தொடங்குபவருக்கும் இதே பாடம் பொருந்தும் என்பதால்தான் இதை மருத்துவமனை இதழில் எழுதத் துணிகிறேன்.

மாரத்தான் என்பதன் முழுத் தொலைவு 42.195 கி.மீ. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இந்தத் தொலைவே 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. எண்ணாகச் சொன்னால் இது மனத்தில் நிற்பதில்லை. நாம் அறிந்த சாலையில் வைத்துப் பார்ப்போம். பெரம்பலூரிலிருந்து பேரளி, குன்னம் வழியாக அரியலூர் ஏறக்குறைய 30 கி.மீ. பேருந்தில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வழி. அந்த வழி முழுவதையும் ஓடிமுடித்து அரியலூரை அடைந்த பின்னும், தஞ்சாவூர்ச் சாலையில் கீழப்பழுவூர் பக்கம் வரை இன்னும் 12 கி.மீ. ஓடினால்தான் ஒரு மாரத்தான் நிறைவுபெறும்.

பல மாரத்தான்களை ஓடியவர்கள் ‘சுவர்’ என்று ஒன்றைக் குறிப்பிடுவார்கள். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டித் திடீரெனக் கால்கள் கனக்கும். நினைவு சற்று மங்கும். அடுத்த மின்கம்பம் வரை செல்வதே பெரும்பாடாகும். அந்தச் சுவர் நம் சாலையில் ஏறக்குறைய அரியலூர் நகர எல்லையில் நிற்கிறது. முதன்முறை ஓடுபவர்கள் பெரும்பாலும் பெரம்பலூர்–அரியலூர்த் தொலைவுக்கு மட்டுமே தம்மை ஆயத்தம் செய்துகொள்கிறார்கள். எஞ்சிய பன்னிரண்டு கிலோமீட்டரை மன உறுதி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள்.

மன உறுதியால் மட்டும் அது இயலாது. காரணம் உடலின் கணக்கில் இருக்கிறது. நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம். அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2,000 கிலோகலோரி. ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தோராயமாக ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தானை முடிக்க 2,500 கிலோகலோரிக்கு மேல் தேவை. மாவுச்சத்தை மட்டும் நம்பினால் முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் கையிருப்பு தீர்ந்துவிடும் என்பது எளிய வகுத்தல் கணக்கு.

உடலில் கொழுப்பாக இருக்கும் ஆற்றலுக்குக் குறைவே இல்லை. மெலிந்த ஒருவரிடம்கூட அது பல்லாயிரம் கிலோகலோரி இருக்கும். ஆனால் மாவுச்சத்து அடுப்படிப் பானையில் இருக்கும் அரிசி போன்றது. எடுத்த மாத்திரத்தில் உலையில் இடலாம். கொழுப்போ பத்தாயத்து நெல். அவித்து, காயவைத்து, குத்திப் புடைத்தால்தான் சோறாகும். நிதானமாக ஓடும்போது உடலுக்கு நெல் குத்த நேரம் கிடைக்கிறது. பானை அரிசி மிச்சமாகிறது. வேகம் கூடக்கூட அரிசியையே அள்ளத் தொடங்குகிறது. முதல் மணி நேரத்தில் நாம் எவ்வளவு அள்ளினோம் என்பதை நான்காவது மணி நேரத்தில்தான் அறிகிறோம். அப்போது அறிந்து பயனில்லை. வழியில் வாழைப்பழமோ பேரீச்சையோ உண்பது உதவும். எனினும் ஓடும்போது குடல் ஏற்கும் அளவு சிறிது. தொடக்கத்தில் சிந்தியதை அதைக் கொண்டு ஈடுகட்ட முடியாது.

இந்தக் கணக்கு தெரியாத காலத்திலேயே இதன் விளைவு தெரிந்திருந்தது. 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று, நவீன ஒலிம்பிக்கின் முதல் மாரத்தான் கிரேக்க நாட்டில் நடைபெற்றது. தொலைவு அன்று சுமார் 40 கி.மீ. பிரான்சு நாட்டின் அல்பின் லெர்மூசியோ தொடக்கத்திலேயே மற்றவர்களை வெகுவாகப் பின்தள்ளி முன்னேறினார். 1,500 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாம் இடம் பெற்றவர் அவர். முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் ஓட்டத்தைக் கைவிட்டார். அடுத்து முன்னிலைக்கு வந்த ஆஸ்திரேலியர் எட்வின் ஃபிளாக், அதே போட்டிகளில் 800, 1,500 மீட்டர் இரண்டிலும் வென்றவர். அவரும் இலக்கை நெருங்கும் முன்பே சரிந்தார். குறுந்தொலைவில் வேகமே கைகொடுத்ததால் இங்கும் அதுவே கைகொடுக்கும் என்று இருவரும் எண்ணியிருக்கக்கூடும். இவர்களுக்குப் பின்னால் தன் போக்கில் வந்துகொண்டிருந்த ஸ்பிரிடான் லூயிஸ் என்ற கிரேக்கர் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் வென்றார். தண்ணீர் சுமந்து விற்பதைத் தொழிலாகக் கொண்டவர் அவர். சுமையுடன் நெடுந்தொலைவு நடப்பவருக்கு முதல் மைலில் விரையக் கூடாது என்று எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நம் காலத்து உலகச் சாதனைகளும் இதையே காட்டுகின்றன. கென்யாவின் கெல்வின் கிப்டும் 2023இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் ஓடி முடித்தபோது, முதற்பாதியை 60 நிமிடம் 48 விநாடியிலும் இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 விநாடியிலும் கடந்தார். பிற்பாதி முற்பாதியைவிட ஒரு நிமிடம் விரைவு. உலகின் தலைசிறந்த கால்களே அன்று முற்பாதியில் சேமித்து வைத்து ஓடின.

நம் போன்றோருக்கு இதை எண்களில் சொல்கிறேன். முதல் மாரத்தானை ஐந்தரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய ஆற்றல் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குரிய வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 விநாடி. கூட்டத்தின் ஆரவாரத்தில் முதல் பத்து கிலோமீட்டரை அவர் 6 நிமிட வேகத்தில் ஓடிவிடுகிறார். 18 நிமிடம் ஆதாயம் என்று கைக்கடிகாரம் சொல்லும். ஆனால் சுவரில் மோதியபின், கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரை 12 நிமிட வேகத்தில் இழுத்து இழுத்து நடந்தால் அங்கே 50 நிமிடம் பறிபோகும். 18 கொடுத்து 50 பிடுங்கும் வட்டிக்காரனிடம் யாரும் கடன் வாங்கமாட்டோம். ஓட்டத்தில் வாங்குகிறோம்.

ஆகவே முதல் பத்து கிலோமீட்டரை உரிய வேகத்தைவிட கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாகவே ஓட வேண்டும். ‘இது மிகவும் மெதுவாயிற்றே’ என்று மனம் சலித்துக்கொண்டால் அதுவே சரியான வேகம். அடுத்த இருபதில் உரிய வேகம். அரியலூர் வந்த பின், மிச்சமிருப்பதைக் கணக்குப் பார்த்துச் செலவிடலாம். இதைப் பழகுவதற்கு மாவட்ட விளையாட்டரங்கத்தின் 400 மீட்டர் ஓடுதளம் மிகவும் ஏற்றது. மேற்சொன்ன வேகத்தில் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 8 விநாடி ஆகும். கடிகாரம் பார்க்காமல் ஐந்து சுற்று ஓடி, ஐந்தும் ஒரே நேரத்தில் முடிகின்றனவா என்று இன்னொருவரைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். முதல் சுற்று எப்போதும் விரைவாகவே வரும். அதை அடக்கக் கற்பதற்கே சில மாதங்கள் பிடிக்கும்.

இடையிடையே நடப்பதை இழுக்காக எண்ண வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, ஓடி நடந்து ஓடும் முறையைப் பல்லாண்டுகளாகப் புதியவர்களுக்குக் கற்பித்தவர். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொள்ளலாம். களைத்த பிறகு நடப்பதற்கும் களைப்பதற்கு முன் நடப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பின்னதில் கால்கள் நம் சொற்படி மீண்டும் ஓடத் தொடங்கும்.

இவையெல்லாம் அயல்நாட்டு அறிவு என்று தோன்றினால், உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலிருந்து சமயபுரத்துக்குப் பாதயாத்திரை செல்லும் மக்கள் ஆண்டுதோறும் ஏராளம். பெரம்பலூரிலிருந்து பாடாலூர், சிறுகனூர் வழியாகச் சமயபுரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு மாரத்தானுக்கு இணையான தொலைவு. மஞ்சளாடை உடுத்தி, வெறுங்காலோடு, அறுபது வயதுப் பெண்கள் அதை நடந்து முடிக்கிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புவார்கள். முதல் ஊர் வரை யாரும் எட்டி நடைபோடமாட்டார்கள். முதன்முறை வரும் இளைஞன் துள்ளிக்கொண்டு முன்னே போனால், ‘போகட்டும், பாடாலூரில் உட்கார்ந்திருப்பான்’ என்பார்கள். உட்கார்ந்துதான் இருப்பான். கால் மரத்துப்போகும் முன்பே அமர்வதும், அமர்ந்த இடத்தில் நெடுநேரம் தங்காமல் எழுவதும், மோரைச் சிறிது சிறிதாகக் குடிப்பதும் இவர்களுக்குத் தலைமுறையாக வந்த பழக்கம். நெடுந்தொலைவுப் பயிற்சிக்கென்று நூல்கள் சொல்பவற்றில் பாதி அதில் அடங்கிவிடும்.

இனி, நோயாளிகளைப் பற்றி. இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு வீடு திரும்புபவர் ‘இனி நான் நடக்கலாமா?’ என்று கேட்பார். மருத்துவர் வாய் திறக்கும் முன்பே உடனிருப்பவர்களிடமிருந்து விடை வந்துவிடும்: ‘நடக்கிறதா! பேசாமப் படுத்திருங்கப்பா!’ இதை அன்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. படுக்கையில் கிடத்தி வைக்கப்பட்ட உடலில் தசை கரையும், சர்க்கரை ஏறும், மனம் தளரும். இன்னொரு பக்கம், சில வீடுகளில் மகன் கைப்பேசியில் அடிகளை எண்ணும் செயலியை ஏற்றித் தந்து, மருத்துவமனையிலிருந்து வந்த மறுவாரமே நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று இலக்கு வைத்துவிடுகிறார். இந்த இரு சாராரும் கேட்கத் தவறுவது ஒரே கேள்வியைத்தான்: எந்த வேகத்தில்?

1973ஆம் ஆண்டு, கனடாவின் டொராண்டோ நகரில் டெரன்ஸ் கவனா என்ற மருத்துவரின் மறுவாழ்வு மையத்தில் பயின்ற சிலர் பாஸ்டன் மாரத்தானில் ஓடினார்கள். அனைவரும் மாரடைப்பிலிருந்து மீண்டவர்கள். மாரடைப்பு வந்தவர் மாடிப்படி ஏறுவதற்கே அஞ்சிய காலம் அது. அவர்கள் ஒரே நாளில் ஓட்டக்காரர் ஆகிவிடவில்லை. இவ்வளவு தொலைவு, இவ்வளவு நேரத்தில் என்று மருந்தளவு எழுதித் தருவதைப் போலவே நடைக்கும் அளவு எழுதித் தரப்பட்டு, அதைப் பொறுமையாகக் கூட்டிக்கொண்டே போனவர்கள்.

தமிழ்நாட்டிலும் நாடறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், நீண்ட காலமாக நீரிழிவுடன் வாழ்பவர். சாலை விபத்தொன்றில் கால் முறிந்தவர். ஐம்பது வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி, 21.1 கி.மீ. அரை மாரத்தான்களை நூற்றுக்கும் மேல் முடித்திருக்கிறார். கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து, சர்க்கரை நோயாளிகள் அறிந்துகொள்ளத் தக்க செய்தி இது. பஞ்சாபைச் சேர்ந்த ஃபவுஜா சிங் தம் 89ஆம் வயதில், 2000ஆம் ஆண்டு இலண்டனில் முதல் மாரத்தான் ஓடினார். 2011இல், நூறு வயது எனத் தாம் கூறிய நிலையில், டொராண்டோவில் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு இன்னொன்றை முடித்தார். மணிக்கு ஐந்து கிலோமீட்டர்! காலையில் பால் வாங்கச் செல்பவரின் நடை வேகம்தான்.

இவற்றைப் படித்துவிட்டு நாளைக் காலையே சாலையில் இறங்கிவிட வேண்டாம். இதயத் தசை தடித்தவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், துடிப்பு ஒழுங்கு கட்டுக்குள் வராதவர்கள் போன்றோருக்கு ஓட்டம் ஆகாது. அவர்களுக்கு வேறு பயிற்சிகள் உண்டு. மாரடைப்போ அறுவை சிகிச்சையோ கண்டவர்கள் எக்கோ, டிரெட்மில் பரிசோதனைகளுக்குப் பின், மருத்துவர் ஒப்புதலோடு, முதலில் நடைப்பயிற்சியிலேயே பல மாதங்களைக் கழிக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும் நாள்களில் எவருமே ஓடக் கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது இதயத் தசையும் அழற்சி கொண்டிருக்கக்கூடும்.

பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாது. கைக்கடிகாரம் ‘நிமிடத்துக்கு 105’ என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உடல் தன் எல்லையைத் தொட்டிருக்கலாம். ஆகவே கடிகாரத்தை நம்பாமல் பேச்சை நம்புங்கள். உடன் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கொரு மூச்சு வாங்கினால் நடைக்கு மாறுங்கள். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவுகோலை மறுவாழ்வுப் பிரிவுகளில் பயன்படுத்துவதும் இதற்காகவே. உடல் எவ்வளவு உழைக்கிறது என்று நோயாளியின் உணர்வையே கேட்டுப் பதிவு செய்யும் முறை அது.

இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள், புறப்படும் முன் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் எதையேனும் உண்ட பிறகே கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸோ வெல்லக்கட்டியோ இருக்கட்டும். நெடிய ஓட்டத்துக்குப் பின் அன்றிரவுகூடச் சர்க்கரை தாழலாம் என்பதை வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஓடி வந்தவுடன் காலணியைக் கழற்றி, கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வலியை நம்பியிருக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, கண் இருட்டுதல், காரணமில்லாத குளிர் வியர்வை ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று 108ஐ அழையுங்கள். ‘இன்னும் ஒரே கிலோமீட்டர்தானே’ என்பது அப்போது சொல்லத் தகாத சொல்.

தண்ணீரிலும் நிதானம் வேண்டும். தாகம் எடுக்கும் முன்பே குடி, நிறையக் குடி என்ற அறிவுரை பரவலாக உள்ளது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தை ஆய்ந்தபோது, 13 விழுக்காட்டினருக்கு சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவுக்கு மீறி நீர் குடித்து, ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடமே இது மிகுதி. மெதுவாக ஓடுபவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். அவர்களுக்குத்தான் குடிக்க நிறைய நேரம் கிடைக்கிறது! தாகத்துக்குக் குடியுங்கள்; நம் வெயிலுக்கு உப்பிட்ட மோரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ நல்லது. இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றுக்காக உப்பையோ நீரையோ குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம். ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் கைவிடுங்கள். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை தவிர்த்த மாதங்களில் நெடிய பயிற்சி ஓட்டத்தைச் சூரியன் எழும் முன் முடித்துவிடுவதே நலம். அந்த இருளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையைத் தவிர்த்து, விளையாட்டரங்கையோ ஏரிக்கரையையோ நாடுங்கள். சாலையில்தான் ஓட வேண்டுமெனில் வண்டிகளுக்கு எதிர்முகமாக, ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டையோடு ஓடுங்கள்.

இந்த இதழை இப்போது கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது நோயாளிகள் அல்லர்; நோயாளியின் உடன் வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்த மாரத்தானிலும் ஓடப் போவதில்லை. ஆயினும் தாம் இப்போது எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறோம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறேன். பக்கவாதம் வந்த தந்தையை அழைத்து வருகிறார்கள். முதல் வாரத்தில் வீட்டார் அனைவரும் கண்விழிக்கிறார்கள். மகள் தன் ஆண்டு விடுப்பு முழுவதையும் எடுத்துவிடுகிறாள். மருமகள் உண்ணாமல் உறங்காமல் படுக்கையருகே இருக்கிறாள். நகை அடகுக்குப் போகிறது. உறவினர் வியந்து பாராட்டுகிறார்கள். இது முதல் அரைக் கிலோமீட்டர்ப் பாய்ச்சல். மூன்றாம் மாதம், இயன்முறைப் பயிற்சி உண்மையில் பலன் தரத் தொடங்கும் வேளையில், அழைத்துவர ஆளில்லை, விடுப்பு இல்லை, மருமகளுக்கே இரத்த அழுத்தம். பாராட்டிய உறவினர் யாரும் அருகில் இல்லை. நோயாளியின் சுவர், பராமரிப்பவர் களைத்து விழும் இடத்தில் நிற்கிறது.

அதனால் சேர்க்கை நாளன்றே, ‘இது எத்தனை மாத வேலை?’ என்று மருத்துவரைக் கேளுங்கள். ஆறு மாதம் என்றால், விடுப்பை ஆறாகப் பங்கிடுங்கள். இரவுக் கண்விழிப்பை இருவர் முறைவைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே ஒரு நாள் வீட்டுக்குச் சென்று குளித்து உறங்கி வருவதைத் தன்னலம் என்று எவரேனும் சொன்னால், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். களைக்கும் முன் ஒரு நிமிடம் நடப்பவரே முப்பதாவது கிலோமீட்டரிலும் ஓடிக்கொண்டிருப்பார்.

ஓட்டங்களை ஏற்பாடு செய்வோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்படி மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை வரையறுக்கப்பட்டது. விழிப்புணர்வு ஓட்டங்களை ஏன் அந்தப் பாதையிலேயே, வேறு வகையில் நடத்தக் கூடாது? ஆரோவில்லில் 2008 முதல் நடைபெறும் மாரத்தானில் வென்றவர், தோற்றவர் என்ற பிரிவே இல்லை, பரிசும் இல்லை. அங்கே ஓடுவதற்காகவே ஓடுகிறார்கள். நாம் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், முதல் மூவருக்கு மட்டும் கோப்பை தருவதை விட்டு, முற்பாதியைவிடப் பிற்பாதியை விரைவாக முடித்த அனைவருக்கும் ஒரு சான்றிதழ் தரலாம். பாதி வழியில் ஒருவர் நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும், செலவு ஒன்றுமில்லை. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று எழுதிய கொடியை ஏந்திய வழிகாட்டிகள் மூவர் ஓடினால், புதியவர்கள் தமக்குரிய கொடியைப் பின்தொடர்ந்து செல்வார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் புறப்படும் இடத்தில் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை போடலாம். செவிலிய மாணவியர் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

கடைசியாக வருபவர் இலக்கை அடையும் வரை ஆம்புலன்ஸ் வண்டி அவருக்குப் பின்னால் மெல்ல வர வேண்டும். பந்தலைப் பிரிப்பவர்கள் அதுவரை காத்திருக்கட்டும். அவருக்கென்று இரண்டு வாழைப்பழமும் ஒரு குவளை மோரும் எடுத்து வைத்திருங்கள்.